பழைய வழக்கோடு வெளிநாடு போவது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறைக்காரருக்கு முழு வழிகாட்டி

களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு ஐயா. 2006இல் வேலிச் சண்டையில் பக்கத்து வளவுக்காரருக்குக் கை வைத்துவிட்டார். அடுத்த வருடம் நீதவான் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டினார். இரண்டு வீட்டுக்காரரும் பிறகு ஒன்றாகிவிட்டார்கள், வழக்கை எல்லாரும் மறந்தும் போனார்கள். 2018இல் ரொறன்ரோவில் மகளுக்குப் பிள்ளைப்பேறு. விசாப் படிவத்தில், கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா, குற்றம் சாட்டப்பட்டிருக்கிறீர்களா, தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி. படிவம் நிரப்பிக் கொடுத்தவர், "இல்லை என்று போடுவோம் ஐயா, சின்ன வழக்குத்தானே" என்றார். பிறகு பொலிஸ் நற்சான்றிதழ் கேட்டு கடிதம் வந்தது. சான்றிதழில் வழக்கு இருந்தது. பொய்த் தகவல் கொடுத்ததற்காக ஐந்து வருடத் தடை விழுந்தது.

எனக்கு இன்றைக்கும் ஆறாத விடயம் என்னவென்றால், கனடாச் சட்டப்படி அந்த வழக்கு அவருக்குத் தடையே இல்லை. தண்டப்பணம் கட்டிப் பத்து வருடம் கடந்திருந்தது. ஒரே ஒரு வழக்கு, அதுவும் சாதாரண காயம். "ஆம்" என்று எழுதி நீதிமன்றப் பிரதியை இணைத்திருந்தால் அந்த வழக்கைக் காட்டி அவரை மறித்திருக்க முடியாது.

நீதிமன்றப் பத்திரங்களைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பது என் தொழில். பழைய வழக்கு இருப்பவர்கள் இரண்டு வகையாக என்னிடம் வருகிறார்கள். ஒரு சாரார் "இனி எந்த நாட்டுக்கும் போக ஏலாது" என்று மனம் விட்டவர்கள். மற்றவர்கள் மறைத்துப் பார்த்து மாட்டிக்கொண்டவர்கள். இரண்டு பேருக்கும் வழக்கு எப்படி முடிந்தது என்று சொல்லும் கடதாசி கையில் இருக்காது. ஆகவே கடதாசியிலிருந்தே தொடங்குவோம்.

முதலாவது: வழக்கு உண்மையிலேயே முடிந்ததா?

"அது அப்பவே முடிஞ்சுது" என்று சொல்பவர்களில் சிலருக்கு வழக்கு முடிந்திருக்காது. ஒரு தவணைக்குப் போகாமல் விட்டிருப்பார்கள், பிடியாணை பிறந்திருக்கும், வீடு மாறியதால் பொலிஸ் தேடி வந்திருக்காது. அது கட்டுநாயக்காவில் குடியகல்வு மேசையில் வெளிவந்தால் டிக்கெட் காசும் போய், அங்கிருந்தே காவலில் போக வேண்டி வரும். பிணையில் இருப்பவருக்குக் கடவுச்சீட்டை நீதிமன்றில் ஒப்படைக்கும்படியோ நாட்டை விட்டுப் போகக் கூடாதென்றோ நிபந்தனை போட்டிருக்கலாம். அதை நீக்காமல் பயண ஏற்பாடு எதையும் தொடங்காதீர்கள்.

எந்த நீதிமன்றம் என்பதை முதலில் சரியாகப் பிடியுங்கள். மட்டக்களப்பு, ஏறாவூர், வாழைச்சேனை, களுவாஞ்சிகுடி, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில், அம்பாறை என்று நீதவான் நீதிமன்றங்கள் பல. வழக்கு இலக்கம் நினைவில்லை என்றால் பழைய பிணைப்பத்திரம், தண்டப்பணப் பற்றுச்சீட்டு, அழைப்பாணை என்று வீட்டுப் பெட்டியில் ஏதாவது கிடக்கும். எதுவும் இல்லை என்றால் கைது செய்த பொலிஸ் நிலையத்தின் பெயரும் வருடமும் போதும், சட்டத்தரணி ஒருவர் பதிவேட்டில் தேடிப் பிடிப்பார். பிடியாணை இருப்பது தெரியவந்தால் பயப்பட வேண்டாம். சட்டத்தரணியோடு நீங்களாகவே நீதிமன்றில் ஆஜராகி அதை மீளப்பெறக் கேட்கலாம். காசு இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்துக்குப் போங்கள். குறைந்த வருமானக்காரருக்கு உதவத்தான் அது இருக்கிறது.

இரண்டாவது: நீதிமன்றப் பிரதி

சட்டத்தரணி மூலம் மனுக் கொடுத்து, உறுதிப்படுத்தப்பட்ட பிரதி எடுங்கள். மூன்று விடயம் அதில் தெளிவாக இருக்க வேண்டும்: எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் குற்றச்சாட்டு, நீதவான் என்ன கட்டளை இட்டார், தண்டனை எந்தத் தேதியில் நிறைவேறியது. கடைசித் தேதியைப் பலர் கவனிப்பதில்லை. பல நாடுகள் வருடக் கணக்கைத் தண்டனை முடிந்த நாளிலிருந்துதான் எண்ணுகின்றன. தண்டப்பணம் என்றால் அதைக் கட்டிய நாள். அந்தச் சின்னப் பற்றுச்சீட்டைத் தங்கம் போல வைத்திருங்கள்.

சுனாமியில் வீட்டோடு கடதாசியையும் இழந்தவர்கள் கரையோரத்தில் நிறையப் பேர். வெள்ளத்தில் பறிகொடுத்தவர்களும் உண்டு. நீதிமன்றத்திலும் ஏடு இல்லை என்றால், தேடியும் கிடைக்கவில்லை என்று பதிவாளரிடம் எழுத்தில் கடிதம் கேளுங்கள். அதோடு, நடந்ததைச் சொல்லி சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக்கடதாசி முடியுங்கள்.

வழக்கு எப்படி முடிந்தது என்பதை அந்தப் பிரதிதான் சொல்லும். இணக்கசபையில் தீர்த்துக்கொண்டது தண்டனைத் தீர்ப்பு அல்ல. விடுதலையும் முறைப்பாட்டைத் திரும்பப் பெற்றதும் தண்டனை அல்ல, ஆனால் கைது நடந்திருந்தால் அது நடந்ததுதான். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவின் கீழ், குற்றவாளி என்று தீர்க்காமலே நிபந்தனையோடு விடுவித்திருக்கலாம். அப்படியானவர்கள் பலர் தங்களைத் தண்டனை பெற்றவர் என்று தவறாக எழுதிவிடுகிறார்கள். ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பெற்றவர்களோ, "நான் உள்ளே போகவே இல்லையே" என்று அதைக் கணக்கில் எடுப்பதில்லை. அது தண்டனைதான்.

மொழிபெயர்ப்பைப் பதிவு செய்த சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். அம்பாறை நகர நீதிமன்றப் பதிவு சிங்களத்தில் இருக்கும், அதற்குச் சிங்களம் தெரிந்தவர் வேண்டும். "சாதாரண காயம்" என்பதையும் "பாரிய காயம்" என்பதையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகப் போட்டு, ஒருவரின் விண்ணப்பத்தையே கெடுத்த மொழிபெயர்ப்பை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கையில் கிடைத்ததும் பிரிவு இலக்கத்தையும் தேதிகளையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்றாவது: பொலிஸ் ரிப்போர்ட்

பொலிஸ் நற்சான்றிதழுக்கு இலங்கைப் பொலிஸின் இணையத்தளத்தில் விண்ணப்பிக்கலாம். கொழும்புத் தலைமையகத்திலிருந்து வரும், இடையில் உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையம் விசாரிக்கும். தூதரகம் கேட்கும்வரை காத்திராமல் முதலே ஒன்று எடுத்துப் பாருங்கள். உங்களைப் பற்றி அரச ஏட்டில் என்ன இருக்கிறது என்று விசா அதிகாரிக்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. விடுதலையான வழக்கு இன்னும் நடப்பதாகக் காட்டினால், நீதிமன்றப் பிரதியோடு போய் அதைத் திருத்தக் கேட்க அப்போதுதான் நேரம் இருக்கும்.

கத்தாரிலோ சவூதியிலோ வேலை செய்தவர்களுக்கு அந்த நாட்டுச் சான்றிதழும் தேவைப்படலாம். கடந்த பத்து வருடத்தில் மொத்தமாக 12 மாதம் இருந்த ஒவ்வொரு நாட்டுக்கும் அவுஸ்திரேலியா கேட்கும். கனடாவில் நிரந்தர வதிவிடத்துக்கு, ஒரு நாட்டில் தொடர்ந்து ஆறு மாதம் இருந்திருந்தாலே அந்த நாட்டுச் சான்றிதழைக் கேட்பார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு எடுப்பது பெரிய அலைச்சல். இப்போது அங்கே இருப்பவர்கள் வரும்போதே எடுத்து வாருங்கள்.

நான்காவது: கேள்வியை இரண்டு தரம் வாசியுங்கள்

கைது, குற்றச்சாட்டு, தண்டனை. மூன்றும் மூன்று கேள்வி. படிவம் எதைக் கேட்கிறதோ அதற்குத்தான் பதில். அமெரிக்காவின் டிஎஸ்-160 என்ற விசாப் படிவம், மன்னிப்புக் கிடைத்திருந்தாலும் கைதையும் தண்டனையையும் சொல்லச் சொல்கிறது. ஆகவே ஒரு இரவு பொலிஸ் கூண்டில் இருந்து காலையில் வழக்கில்லாமல் வந்தவரும் அங்கே "ஆம்" என்றுதான் எழுத வேண்டும். அவுஸ்திரேலியா, ஏட்டிலிருந்து நீக்கப்பட்ட தண்டனையையும் கேட்கிறது. பிரித்தானியப் படிவத்தில் வாகனக் குற்றங்களும் வரும். கனடா, குற்றம் "செய்திருக்கிறீர்களா" என்பதிலிருந்தே தொடங்குகிறது. இந்தியாவின் இ-விசாவிலும் கைது, வழக்கு, தண்டனை பற்றிய கேள்வி உண்டு. திருப்பதிக்கும் சென்னை ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்கள் அதை வாசிக்காமலே கடந்து போகிறார்கள்.

பொய்யின் விலை நாட்டுக்கு நாடு வேறு. கனடாவில் ஐந்து வருடம். பிரித்தானியாவில் பத்து வருடம்வரை. அவுஸ்திரேலியாவில் மூன்று வருடம், ஆளடையாளத்தில் பொய் என்றால் பத்து. அமெரிக்காவில் ஆயுள் முழுவதும், விலக்கு வாங்கினால் ஒழிய. இந்த நான்கு நாடுகளும் நியூசிலாந்தும் கைரேகைத் தகவலைத் தங்களுக்குள் ஒப்பிட்டுப் பார்க்கின்றன. படகில் அவுஸ்திரேலியா போய்த் திருப்பி அனுப்பப்பட்ட எங்கள் பிள்ளைகள் இதை நன்றாக மனதில் வைக்க வேண்டும். அங்கே எடுத்த கைரேகை கனடா விண்ணப்பத்திலும் பேசும். சட்டவிரோதமாக நாட்டை விட்டுப் போனதற்கு நீர்கொழும்பு நீதிமன்றத்தில் கட்டிய தண்டப்பணமும் தண்டனைதான், அதையும் எழுதுங்கள்.

ஏஜென்ட் நிரப்பினாலும் பொறுப்பு கையொப்பம் வைத்தவருக்கு. அனுப்ப முன்னர் முழுப் படிவத்தையும் அச்செடுத்து, ஆங்கிலம் தெரிந்த வீட்டுப் பிள்ளையை வைத்து வரிவரியாக வாசித்துக் கேளுங்கள்.

ஐந்தாவது: போகிற நாட்டின் சட்டம் உங்கள் வழக்கை எப்படிப் பார்க்கும்?

கனடா, அதே செயலைத் தங்கள் நாட்டில் செய்திருந்தால் அது எந்தக் குற்றம், அதற்கு உச்ச தண்டனை எத்தனை வருடம் என்று பார்க்கும். இங்கே உங்களுக்குக் கிடைத்தது 1,500 ரூபாய் தண்டமா, ஆறு மாதமா என்பது இரண்டாம் பட்சம். அங்கே உச்ச தண்டனை பத்து வருடத்துக்குக் குறைவான ஒரே ஒரு குற்றம் என்றால், தண்டனை முடிந்து பத்து வருடம் கழிந்ததும் திருந்தியவராகக் கருதப்படுவீர்கள். சாதாரண அடிதடி இதற்குள் வரும், அங்கே அதற்கு உச்சம் ஐந்து வருடம். ஐந்து வருடம் கழிந்து பத்து ஆகவில்லை என்றால், திருந்தியதாக அங்கீகரிக்கக் கேட்டுத் தனி விண்ணப்பம் போட வேண்டும். அது ஒரு வருடத்துக்கும் மேல் இழுக்கலாம். ஐந்தும் ஆகவில்லை, ஆனால் போயே ஆக வேண்டும், தகப்பன் சாகக் கிடக்கிறார் என்றால் தற்காலிக வதிவிட அனுமதி என்று ஒன்று இருக்கிறது. காரணத்தின் அவசரத்தை ஆதாரத்தோடு காட்ட வேண்டும், கொடுப்பது அதிகாரியின் விருப்பம்.

பாரிய காயம் விளைவித்த வழக்கு அப்படியல்ல. உடற்காயம் ஏற்படுத்தும் தாக்குதலுக்கு அங்கே உச்சம் பத்து வருடம், அது பாரதூரமான குற்றம் என்ற கணக்கில் போகும். எத்தனை வருடம் போனாலும் தானாகத் திருந்தியவராக முடியாது, விண்ணப்பித்தே ஆக வேண்டும். குடித்துவிட்டு வாகனம் ஓட்டியதும் 2018 டிசம்பர் 18இலிருந்து அதே வரிசையில் சேர்ந்துவிட்டது. திருவிழாக் காலத்தில் மோட்டார் சைக்கிளில் பிடிபட்டு, நீதிமன்றில் தண்டம் கட்டிவிட்டு, அதை ஒரு வழக்காகவே எண்ணாத தம்பிமார் எத்தனையோ பேர். கனடாக் கனவு இருக்கிறவர்கள் அந்த ஒரு இரவைக் கவனமாகக் கணக்கில் எடுங்கள்.

கஞ்சா வழக்கைப் பாருங்கள், நாட்டுக்கு நாடு எப்படி மாறுகிறது என்பது அதில்தான் நன்றாகத் தெரியும். கனடாவில் 2018 ஒக்டோபர் 17 முதல் வயது வந்தவர் 30 கிராம் வரை கையில் வைத்திருப்பது சட்டத்துக்கு உட்பட்டது. ஆகவே சிறு அளவுக்குத் தண்டம் கட்டியவர், அதற்கு ஒத்த குற்றம் இன்று அங்கே உண்டா என்ற இடத்திலேயே வாதிடலாம். அமெரிக்காவிலோ போதைப்பொருள் தண்டனை எவ்வளவு சிறியது என்றாலும் தடை. ஜப்பானிலும் அப்படித்தான், போதைப்பொருளுக்குத் தண்டமே கட்டியிருந்தாலும் அனுமதி மறுக்கச் சட்டம் இருக்கிறது.

அமெரிக்காவில் இன்னொரு பிரிவு ஒழுக்கக்கேடான குற்றங்கள். திருட்டும் மோசடியும் அதற்குள் வரும். சிறு குற்றத்துக்கு விலக்கு உண்டு: ஒரே குற்றம், சட்டத்தில் உச்ச தண்டனை ஒரு வருடத்துக்கு மேற்படாதது, கிடைத்த தண்டனை ஆறு மாதத்துக்கு மேற்படாதது. ஆனால் எங்கள் தண்டனைச் சட்டக்கோவையில் திருட்டுக்கு மூன்று வருடம்வரை உண்டு, அதனால் தண்டம் மட்டும் கட்டியவருக்கும் அந்த விலக்கு உதவாது. அப்படியானவர், தடையை நீக்கி விசா தரப் பரிந்துரைக்கும்படி நேர்முகத்தில் அதிகாரியிடம் கேட்கலாம். குறுகிய காலப் பயணத்துக்கு, குற்றம் எவ்வளவு பழையது, எவ்வளவு பாரதூரம், பயணம் எதற்கு என்பதைப் பார்த்துக் கொடுக்கிறார்கள். குடித்து ஓட்டிக் கடந்த ஐந்து வருடத்துக்குள் கைதானவரை அவர்களுடைய மருத்துவரிடம் அனுப்புவார்கள்.

பிரித்தானியா தண்டனையின் நீளத்தைப் பார்க்கும். 12 மாதமோ கூடவோ சிறை என்றால் விசா மறுக்கப்படும். அதற்குக் குறைந்த சிறைத்தண்டனை பெற்றவர் சுற்றுலாவுக்குப் போவதென்றால், தண்டனை முடிந்து 12 மாதம் கடந்திருக்க வேண்டும். தண்டப்பணம் என்றால் தீர்ப்பு நாளிலிருந்து 12 மாதம்.

அவுஸ்திரேலியாவின் நன்னடத்தைச் சோதனையிலும் 12 மாதம்தான் எல்லை. ஆனால் பல தண்டனைகளைக் கூட்டிப் பார்ப்பார்கள், ஒத்திவைத்த தண்டனையும் சேரும். எல்லையைத் தாண்டினாலும் கதவு பூட்டியே விட்டது என்றில்லை, அதிகாரிக்குக் கொடுக்கும் அதிகாரம் இருக்கிறது.

வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு வில்லங்கம் பெரும்பாலும் அங்கே நடந்ததால்தான் வருகிறது. காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் கேட்டால் தெரியும். கபில் (வேலைக்கு எடுத்த முதலாளி) ஹுரூப் (ஓடிவிட்டார் என்ற முறைப்பாடு) போட்டுவிட்டார், ஃபிங்கர் (கைரேகை) எடுத்து அனுப்பிவிட்டார்கள் என்று ஊர் வந்தவர்கள், புதுக் கடவுச்சீட்டில் வேறு ஏஜென்சி மூலம் திரும்பப் போகப் பார்க்கிறார்கள். கடவுச்சீட்டு மாறும், விரல் மாறாது. விமான நிலையத்திலிருந்தே திரும்பி வந்த ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணர்), வாங்கிய கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார். காசு கட்ட முன்னர், தடை இருக்கிறதா என்று அந்த நாட்டில் இருக்கும் நம்பிக்கையான ஒருவர் மூலமோ அங்கே உள்ள இலங்கைத் தூதரகம் மூலமோ விசாரியுங்கள். ஏஜென்சிக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பயங்கரவாதத் தடைச்சட்டமும் புனர்வாழ்வும்

எங்கள் மாவட்டங்களில் இதைத் தவிர்த்துவிட்டு இந்த விடயத்தைப் பேச முடியாது. 1979இன் அச்சட்டத்தில் குற்றச்சாட்டே இல்லாமல் தடுத்து வைக்கலாம். முதலில் 18 மாதம்வரை இருந்தது, 2022 திருத்தத்தில் 12 மாதமாகக் குறைந்தது. அப்படி இருந்துவிட்டு வழக்கில்லாமல் வந்தவர் தண்டனை பெற்றவர் அல்ல. ஆனால் கைது செய்யப்பட்டவர். "கைது" என்று கேட்டால் ஆம், "தண்டனை" என்று கேட்டால் இல்லை. முன்னாள் போராளிகளுக்கான அரசின் புனர்வாழ்வுக்குப் போய் வந்ததும் நீதிமன்றத் தண்டனை அல்ல.

இங்கே உண்மையான சிக்கல் வேறு கேள்வியில் இருக்கிறது. ஆயுதக் குழுவில் இருந்தீர்களா, உதவினீர்களா என்று படிவங்கள் தனியாகக் கேட்கும். விடுதலைப் புலிகளை இந்தியா 1992இலும், அமெரிக்கா 1997இலும், பிரித்தானியா 2001இலும், கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2006இலும் தடை செய்தன. கட்டாயத்தில் பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளையா, சமைத்துக் கொடுத்தவரா, எத்தனை வயதில், எவ்வளவு காலம் என்பதெல்லாம் முடிவை மாற்றக்கூடியவை. இந்த ஒரு இடத்தில் மட்டும் நீங்களாக எழுத வேண்டாம், ஏஜென்டை எழுத விடவும் வேண்டாம். அந்த நாட்டில் அனுமதி பெற்ற குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் முழுக்கதையையும் சொல்லிவிட்டு எழுதுங்கள். தடுப்புக் கட்டளைப் பிரதி, விடுவிப்புக் கடிதம், புனர்வாழ்வுச் சான்றிதழ், மனித உரிமைகள் ஆணைக்குழு முறைப்பாட்டுப் பிரதி என்று இருப்பதை எல்லாம் சேருங்கள். தடுப்பில் செஞ்சிலுவைக் குழு உங்களைப் பார்த்துப் பதிந்திருந்தால், அதை உறுதிப்படுத்தும் கடிதத்தையும் அவர்களிடம் கேட்கலாம்.

விளக்கக் கடிதம்

ஒரு பக்கம் போதும். என்ன நடந்தது, எந்தத் தேதி, எந்த நீதிமன்றம், என்ன தண்டனை, எப்போது முடிந்தது, அதற்குப் பிறகு எப்படி வாழ்கிறீர்கள். நீதவான் பிழை விட்டார், பொலிஸ் வேண்டுமென்றே போட்டது என்று வாதாடினால், தீர்ப்பை ஏற்காதவர் என்ற எண்ணம்தான் வாசிப்பவருக்கு வரும். அந்த ஐயாவுக்கு இரண்டாம் முறை எழுதிய கடிதத்தின் நடு இப்படி இருந்தது: "2006இல் எல்லை வேலி தொடர்பான தகராற்றில் அயலவரைக் கையால் அடித்தேன். 2007இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு அன்றே தண்டப்பணம் செலுத்தினேன். 2018 விண்ணப்பத்தில் இதைக் குறிப்பிடாதது என் தவறு. அதற்கான தடைக்காலம் முடிந்துவிட்டது. அதன் முன்னும் பின்னும் என்மீது வேறு வழக்கு இல்லை." கீழே நீதிமன்றப் பிரதி, பற்றுச்சீட்டு, மொழிபெயர்ப்பு, கிராம சேவகர் சான்று. அடி வாங்கிய அயலவரே தாமாக முன்வந்து ஒரு கடிதம் தந்தார், அதையும் சேர்த்தோம்.

முன்பு எந்த நாடாவது மறுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள், படிவம் தனியாகக் கேட்கும். கடிதத்திலும் படிவத்திலும் நேர்முகத்திலும் தேதிகள் ஒன்றாக இருக்க வேண்டும்.

விமான நிலையத்தில்

விசா கிடைத்தது என்பதற்காக உள்ளே விடுவது நிச்சயமில்லை, எல்லை அதிகாரி திரும்பவும் கேட்கலாம். பிரதிகளைக் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டியில் போட்டுவிட்டால் அந்த மேசையில் அவை உங்களிடம் இருக்காது. அமெரிக்கா வழியாகப் பறந்தால் வெறும் மாறுபயணத்துக்கும் விசா வேண்டும், அதே கேள்விகளும் வரும். டோகா, துபாய் வழியான டிக்கெட் சுகம். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். புரியாமல் தலையாட்டாதீர்கள், "யெஸ்" என்ற ஒரு சொல்லும் பதிவாகும்.

ஐயா 2023 கடைசியில் போனார். ரொறன்ரோவில் அதிகாரி வழக்கைப் பற்றிக் கேட்டிருக்கிறார். இவர் உறையை எடுத்து நீட்டியிருக்கிறார். வெளியே நின்ற பேரப்பிள்ளைக்கு அப்போது ஐந்து வயது. திரும்பி வந்ததும் அந்த உறையை என்னிடம் கொண்டுவந்து, இன்னும் இரண்டு செட் கொப்பி அடித்துத் தரச் சொன்னார். அடுத்த முறை மனைவியோடு இலண்டனில் இருக்கும் மகனிடம் போகப் போகிறாராம், அங்கேயும் இதே கேள்வி வரும்.